பழைய காசுல இருக்குற அடி, ஓட்டை, கீறல் எல்லாம் எப்படி வந்துச்சுன்னு கண்டுபிடிக்கிறது எப்படி?

தாத்தா பெட்டியில இருந்தோ பூஜை ரூம் டப்பாவுல இருந்தோ ஒரு பழைய காசு கைக்கு வந்துச்சுன்னா நிறைய பேர் கேக்குற முதல் கேள்வி இது எவ்ளோ போகும்ங்கிறதுதான். அதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது, இந்தக் காசுக்கு என்ன ஆச்சு? ஒரு பக்கம் நசுங்கியிருக்கு, ஓட்டை இருக்கு, எழுத்து ரெண்டு தடவ தெரியுது, ஓரம் வெட்டுப்பட்டிருக்கு, இதெல்லாம் நாணயச்சாலையிலயே நடந்த தப்பா (அத மின்ட் எரர்னு சொல்வாங்க, சேகரிக்கிறவங்க தேடி வாங்குவாங்க) இல்ல வெளிய வந்ததுக்கு அப்புறம் யாரோ சுத்தியலால அடிச்சதா, பத்தர் பத்தவச்சதா, இல்ல வேணும்னே ஏமாத்துறதுக்காக செஞ்சதா? இத ஓரளவுக்கு வீட்டுல உக்காந்தே கண்டுபிடிக்கலாம், பத்து மடங்கு பெருசாக்குற ஒரு லூப், 0.01 கிராம் வரை காட்டுற சின்ன எடை மெஷின், ஒரே ஒரு பல்பு வெளிச்சம், இவ்ளோ போதும்.

முதல்ல காசு எப்படி பொறக்குதுன்னு சுருக்கமா பாத்துடலாம். நீளத் தகடுல இருந்து வட்டமா வெட்டி எடுப்பாங்க, அந்த வெத்து வட்டத்த உருட்டி அழுத்தி விளிம்ப கொஞ்சம் தூக்கிவிடுவாங்க, அப்புறம் மேல ஒரு டை (டிசைன் செதுக்குன அச்சு) கீழ ஒரு டை, சுத்தி காலர்னு ஒரு வளையம், நடுவுல வட்டத்த வச்சு ஒரே அடி. அந்த அடியில மெட்டல் நகர்ந்து போய் டையில இருக்குற பள்ளத்துக்குள்ள எல்லாம் ஏறிக்கும், அதுதான் ராஜா தலை, எழுத்து, வருஷம் எல்லாம். டைல எது பள்ளமோ அது காசுல மேடு, இத மட்டும் மனசுல வச்சுக்கோங்க.

இப்ப நான் சொல்ல வர்ற விஷயம். காசுல எந்த அடையாளத்த பாத்தாலும் ஒரே ஒரு கேள்விய கேளுங்க: மெட்டல் எங்க போச்சு? பக்கத்துல ஒதுங்கியிருக்கா, மொத்தமா காணாமப் போச்சா, பின்பக்கம் பிதுங்கியிருக்கா, இல்ல புதுசா எங்க இருந்தோ வந்து ஒட்டியிருக்கா? மெட்டல் தானா மறையாது, அது போன வழிய பாத்தா என்ன நடந்துச்சுன்னு பெரும்பாலும் தெரிஞ்சிடும்.

கீறல்ல இருந்து ஆரம்பிப்போம். ஆணியோ கத்தியோ கீறுன இடத்துல லூப் வச்சு பாத்தா ஏர் உழுத சால் மாதிரி நடுவுல பள்ளமும் ரெண்டு ஓரமும் மெட்டல் ஏறி நிக்கிறதும் தெரியும். அப்படி இருந்தா அது காசு அடிச்சு முடிஞ்சதுக்கு அப்புறம் வந்தது, அதுல சந்தேகமே வேண்டாம். அதுவே கோடு பள்ளமா இல்லாம மேடா இருந்துச்சுன்னா கதை வேற, காசுல மேடா ஒரு கோடு வரணும்னா டைல பள்ளமா ஒரு கோடு இருந்திருக்கணும், அதாவது டை விரிசல் விட்டிருக்கு இல்ல டைல கீறல் விழுந்திருக்கு, அந்த விரிசலுக்குள்ள மெட்டல் ஏறியிருக்கு. வெளிய யாராலயும் ஒரு கீறல மேடா போட முடியாது. இந்த ஒரு விஷயம் தெரிஞ்சாலே ஆன்லைன்ல எரர் காயின்னு விக்கிற பாதிய ஒதுக்கிடலாம். (உள்ள இறங்குன அடையாளம் எல்லாமே வெளிய நடந்ததுன்னும் சொல்ல முடியாது, அடிக்கும்போது நடுவுல நூலோ தூசியோ கம்பித்துண்டோ மாட்டினா அதோட வடிவம் காசுல பள்ளமா பதியும், ஆனா அப்ப ஓரத்துல மெட்டல் ஏறி நிக்காது, வழவழன்னு இறங்கியிருக்கும்.)

அடுத்தது தேய்மானம். நேர்மையா கைமாறி கைமாறி தேஞ்ச காசுல மேடான இடம் முதல்ல போகும். விக்டோரியா ரூபாயில பாருங்க, கன்னம், காதுக்கு மேல இருக்குற முடி, கிரீடத்து விளிம்பு இதெல்லாம் மழுங்கியிருக்கும், எழுத்துக்கு நடுவுல இருக்குற பள்ளமான இடம் அவ்ளோவா பாதிச்சிருக்காது. ஆசிட்ல போட்ட காசு அப்படி இருக்காது. ஆசிட்டுக்கு மேடு பள்ளம் தெரியாது, எல்லா இடத்தையும் ஒரே அளவு அரிச்சிடும், எழுத்து எல்லாம் மெல்லிசாகி ஓரம் கரைஞ்சு தெரியும், காசு கையில எடுத்தாலே இலேசா இருக்கும், மேல்பரப்பு பொருபொருன்னு இருக்கும். ஆனா எடை குறைஞ்சிருக்குன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி சரியான எடை எவ்ளோன்னு தெரிஞ்சுக்கணும். 1835ல இருந்து வந்த பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய் 11.66 கிராம், நல்லா தேஞ்சிருந்தா 11.3, 11.4 வரும், அது இயல்பு. காலணா விஷயத்துல பல பேர் குழம்புறாங்க, 1862ல இருந்து வந்த விக்டோரியா செம்புக் காலணா 6.47 கிராம், 1906ல வெண்கலத்துக்கு மாத்தும்போது 4.86 கிராமா குறைச்சுட்டாங்க, அதனால 1910 காலணா ஒண்ணு 4.8 காட்டுதேன்னு ஆசிட்ல போட்டிருக்காங்கன்னு நினைச்சுடக் கூடாது.

பாலிஷ் போட்டதுதான் நம்ம ஊர்ல ரொம்ப சகஜம், எனக்கு ரொம்ப வருத்தம் தர்றதும் அதுதான். செம்புன்னா புளி, வெள்ளின்னா விபூதி, இல்ல பிராஸோ, நல்ல எண்ணத்துலதான் செய்றாங்க, ஆனா ஒரு தடவ தேச்சா தேச்சதுதான், அத திரும்ப கொண்டு வரவே முடியாது. புதுசா அடிச்ச காசுல மெட்டல் நடுவுல இருந்து ஓரத்துக்கு ஓடுன தடம் கண்ணுக்குத் தெரியாத மெல்லிசான கோடா இருக்கும், அதனால பல்புக்கு கீழ காச சாய்ச்சு சுத்தினா ஒரு ஒளிக்கீத்து நடுவுல இருந்து கிளம்பி காசோட சேந்து சுத்தி ஓடும். தேச்ச காசு பளபளன்னு இருக்கும் ஆனா அந்த ஒளி ஓடாது, மொத்தமா ஒரே நேரத்துல மின்னும், லூப்ல பாத்தா முடியளவு மெல்லிசான கோடு ஆயிரக்கணக்குல ஒரே திசையில இருக்கும். இன்னொரு அடையாளமும் இருக்கு, எழுத்தோட இடுக்குல மட்டும் வெள்ளையாவோ கருப்பாவோ பவுடர் காஞ்சு கிடக்கும், துணி போகாத மூலையில பழைய அழுக்கு அப்படியே இருக்கும், நடுவுல மட்டும் பளிச்னு இருக்கும். நூறு வருஷத்து காசு நேத்து அடிச்சது கணக்கா மின்னுதேன்னு ஆசைப்படாதீங்க, முதல்ல சந்தேகப்படுங்க.

இப்ப ஓட்டைக்கு வருவோம். ஓட்டைன்னாலே அடிபட்ட காசுன்னு நினைக்க வேண்டாம், நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச ஓட்டக் காலணா இருக்கே, 1943ல இருந்து 1947 வரை வந்தது, அது யுத்த காலத்துல மெட்டல மிச்சம் பண்றதுக்காக நாணயச்சாலையிலயே ஓட்டை போட்டு வந்தது, கிட்டத்தட்ட 2 கிராம். அதுல டிசைனே ஓட்டைக்கு இடம் விட்டு வரைஞ்சிருப்பாங்க, எந்த எழுத்தும் வெட்டுப்படாது. மத்த காசுல ஓட்டை இருந்தா மறுபடி அதே கேள்விதான். ஆணி வச்சு அடிச்ச ஓட்டைன்னா முன்பக்கம் உள்ள குழிஞ்சு பின்பக்கம் மெட்டல் உதடு பிதுங்கி நிக்கும் (சில சமயம் குத்தாம இருக்கட்டும்னு அத அடிச்சு மடக்கியிருப்பாங்க, அந்த மடிப்பும் தெரியும்), அப்ப மெட்டல் தொலையல, பின்னாடி போயிருக்கு, எடையும் பெருசா குறையாது. டிரில் போட்ட ஓட்டைன்னா சுவர் நேரா இருக்கும், உள்ள சுத்து சுத்தா வரி தெரியும், மெட்டல் தூளா உதிர்ந்து போயிருக்கும், அதனால அந்த அளவு எடை குறையும். ஓட்டை எங்க இருக்குங்கிறதும் பேசும், தலைக்கு நேர் மேல இருந்தா தலைப்பக்கம் நேரா தெரியுற மாதிரி கழுத்துல தொங்கவிட்டிருக்காங்க, பூப்பக்கத்துக்கு நேரா இருந்தா அந்தப் பக்கத்த காட்டியிருக்காங்க, ரெண்டு ஓட்டை பக்கத்து பக்கத்துல இருந்தா நூல்ல கோத்திருக்காங்க இல்ல துணியில வச்சு தச்சிருக்காங்க. ரோமானிய தங்கக் காச பாத்து இந்தியாவுல செஞ்ச காசுகள்ல இந்த ரெட்டை ஓட்டை நிறைய பாக்கலாம்.

ஓட்டைய அடைச்சு விக்கிறவங்களும் உண்டு. வெள்ளிய உள்ள வச்சு அடைச்சு மேல எழுத்த செதுக்கி விட்டுருவாங்க. காச சாய்ச்சு பாத்தா அடைச்ச இடத்துல ஒரு வட்டக்கோடு மங்கலா தெரியும், கலர் கொஞ்சம் மாறும், அந்த இடத்து எழுத்து மட்டும் மத்த எழுத்தோட தடிமன்ல சேராது.

நகையில இருந்து கழட்டுன காசுதான் தமிழ்நாட்டுல அதிகமா கிடைக்கும், அத கொஞ்சம் பக்கத்துல வச்சு பாப்போம். என்கிட்ட ஒரு 1901 விக்டோரியா ரூபாய் இருக்கு, தூரத்துல இருந்து பாத்தா குறையே இல்ல, கிரீடத்துக்கு நேர் மேல விளிம்ப மட்டும் பாருங்க. விளிம்ப ஒட்டி சுத்தி வர்ற சின்னச் சின்ன முத்துவரிசை அங்க ஒரு அரை சென்டிமீட்டர் தூரத்துக்கு மழுங்கி ஒண்ணோட ஒண்ணு கலந்திருக்கு, ஏன்னா அங்க சூடு பட்டிருக்கு, மாட்டுற வளையத்த பொடி (உருக்கி ஒட்டுற உலோகக் கலவை) வச்சு பத்தவச்சிருக்காங்க. அந்த இடத்துல வெள்ளி நிறம் மத்த இடத்த விட கொஞ்சம் மஞ்சளா கலங்கலா இருக்கு, அது காசோட வெள்ளி இல்ல, பொடியில இருந்து வந்த மெட்டல். காச பக்கவாட்டுல திருப்பினா ஓரத்துல வரிசையா ஓடிட்டு வர்ற பல் கோடு அங்க மட்டும் காணோம், அதுக்குப் பதிலா சாய்வா குறுக்க ஓடுற அரம் போட்ட கோடு இருக்கு, வளையத்த எடுத்துட்டு மிச்சத்த ராவியிருக்காங்க. ஆக இங்க மெட்டல் முதல்ல வந்துச்சு, அப்புறம் போச்சு, ரெண்டுக்கும் தடம் இருக்கு. நகைக் காசுல இன்னொரு விஷயம், ரெண்டு பக்கமும் ஒரே அளவு தேஞ்சிருக்காது, உடம்ப ஒட்டி கிடந்த பக்கம் வியர்வையும் துணியும் பட்டு வழவழன்னு ஆகியிருக்கும், வெளிப்பக்கம் நல்லா இருக்கும். காசு மாலையில இருந்து எடுத்த தங்க சவரனுக்கும் (பிரிட்டிஷ் தங்கக் காசு) இதே சோதனைதான், அதோட சரியான எடை 7.98 கிராம், அதுக்கு மேல காட்டுச்சுன்னா பொடி ஒட்டியிருக்கான்னு பாருங்க.

சரி, வேணும்னே போட்ட வெட்டும் குத்தும் எல்லாமே சேதம்தானான்னு கேட்டா, இல்ல, இதுலதான் எனக்கு ஆசை அதிகம். முகலாய ரூபாய்லயும் ஆரம்ப கால ஈஸ்ட் இந்தியா கம்பெனி ரூபாய்லயும் சின்னதா பூ, பிறை, புள்ளி, நட்சத்திரம்னு முத்திரை குத்தியிருக்கும், அது சராப்புங்க, அதாவது காசு மாத்திக் குடுக்குறவங்க, சோதிச்சுப் பாத்து சரியான வெள்ளின்னு போட்ட அடையாளம். சில சமயம் ஓரத்துல உளி வச்சு ஆழமா வெட்டியிருப்பாங்க, உள்ள செம்பு இருக்கான்னு பாக்க. இத குறைன்னு சொல்லி தள்ளி வைக்கிறவங்க உண்டு, என்னப் பொறுத்தவரை அந்தக் காசு கடைவீதியில உண்மையா பொழங்குனதுக்கு அதுதான் கையெழுத்து.

இதுல உச்சம் புதுக்கோட்டைப் புதையல். 1898ல புதுக்கோட்டை சமஸ்தானத்துல கருக்காகுறிச்சிங்கிற ஊர்ல 501 ரோமானிய தங்கக் காசு கிடைச்சுது, ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலத்துல ஆரம்பிச்சு பின்னாடி வந்த பேரரசர் வெஸ்பாசியன் காலம் வரைக்குமான காசுங்க, அதுல பத்துல ஒன்பதுக்கு மேல ராஜா தலைக்கு குறுக்க உளியால ஒரு வெட்டு. இப்ப நம்ம கேள்விய கேளுங்க, மெட்டல் எங்க போச்சு? எங்கயும் போகல. உளி வெட்டுன இடத்துல தங்கம் ரெண்டு பக்கமும் ஒதுங்கிதான் நிக்குது, சுரண்டி எடுக்கல, ஓரத்த கத்தரிக்கல. அப்ப வெட்டுனவருக்கு தங்கம் திருடுற எண்ணம் இல்ல, அந்த முகத்த மட்டும் ரத்து பண்ணணும், எடை அப்படியே இருக்கணும். தேஞ்ச காச இனிமே நாணயமா செலவழிக்க முடியாதபடி, வெறும் தங்கமா மட்டும் நிறுத்து வாங்கணும்னு வெட்டியிருக்கலாம்னு ஆராய்ச்சியாளர்கள்ல ஒரு சாரார் சொல்றாங்க, வேற விளக்கங்களும் இருக்கு. காரணம் எதுவா இருந்தாலும் வெட்டு எப்படி விழுந்துச்சுங்கிறத காசே சொல்லிடுது.

அடையாளம் எந்தக் காலத்துதுன்னு எப்படி பாக்குறது? வெள்ளியிலயும் செம்புலயும் கலர்தான் சாட்சி. கீறலுக்கு உள்ள வெளுப்பா பளிச்னு இருந்து சுத்தி கருப்பா இருந்தா அது சமீபத்துது, கீறலுக்குள்ளயும் மேலயும் ஒரே கருப்பு ஓடுச்சுன்னா பழசு. தங்கம் கருக்காது, அதனால அதுக்கு இது உதவாது. செம்புல பழுப்பு, கரும்பழுப்பு, கெட்டியான பச்சைக் களிம்பு எல்லாம் மெட்டலே மாறி உண்டானது, அத சுரண்டினா கூடவே எழுத்தும் போயிடும், ஏன்னா எழுத்து இருந்த மெட்டல்தான் களிம்பா மாறியிருக்கு. கரூர் அமராவதி ஆத்துல கிடைக்கிற சின்னச் சின்ன சேரர் காசு, ரோமானியக் காசு எல்லாம் மண்ணும் தண்ணியும் பட்டு இப்படித்தான் இருக்கும். ஆனா வெளிர்பச்சையா பவுடர் பூத்து, தொட்டா உதிர்ந்து, துடைச்சாலும் மறுபடி வந்துச்சுன்னா அது வேற, உப்பு உள்ள இறங்கி ஈரத்தோட சேந்து செம்ப தின்னுட்டு இருக்கு, அந்தக் காச மத்த காசுல இருந்து பிரிச்சு உடனே காஞ்ச இடத்துல வைங்க. பழசா காட்ட பச்சை பெயின்டோ அரக்கோ பூசி விக்கிறதும் நடக்குது, அது மெட்டல் மேல உக்காந்திருக்கும், சுத்தமான அசிட்டோன்ல நனைச்ச பஞ்சுல ஒத்தி எடுத்தா பஞ்சுல கலர் இறங்கிடும்.

ஏமாத்து வேலைன்னு வந்தா முக்கியமா வருஷத்த மாத்துறது. ஆறாம் ஜார்ஜ் ரூபாயில 1938 பம்பாய் காசு கிடைக்கும், 1939 ரொம்ப அபூர்வம், அதனால 8அ செதுக்கி 9 ஆக்கி விக்கிறாங்க. இதுக்கு காசுலயே பதில் இருக்கு, 1939ங்கிற வருஷத்துல 9 ரெண்டு தடவ வருதுல்ல, ரெண்டாவது இலக்கத்தையும் கடைசி இலக்கத்தையும் பக்கத்துல வச்சு லூப்ல பாருங்க. பொதுவா 8ல மேல் வட்டம் சின்னது கீழ் வட்டம் பெருசு, 9ல தலைதான் பெருசு, அதனால செதுக்குன 9க்கு தலை சிறுத்துதான் இருக்கும். எண்ணுக்கு இடது கீழ்ப்பக்கம் மெட்டல சுரண்டின தடம், எண்ண சுத்தி இருக்குற வெறும் பரப்பு மட்டும் வேற மாதிரி மினுங்குறது, அதையும் பாருங்க.

ஓரம் பிறை வடிவுல வெட்டுப்பட்ட காசு உண்மையான மின்ட் தப்பான்னு பாக்க அழகான ஒரு சோதனை இருக்கு, பிளேக்ஸ்லி எஃபெக்ட்னு பேர். தகடுல ஏற்கனவே வெட்டுன இடத்து மேலயே மறுபடி வெட்டு விழுந்தா வட்டம் பிறைக்குறையோட வரும், அத உருட்டி விளிம்பு தூக்கும்போது குறையா இருக்குற பக்கம் அழுத்தம் கிடைக்காது, அதனால நேர் எதிர்ப்பக்கமும் விளிம்பு சரியா எழும்பாது. ஆக வெட்டுக்கு நேர் எதிர்ல விளிம்பு மங்கலா இருந்தா நல்ல அறிகுறி, எதிர்ல விளிம்பு முழுசா கெட்டியா நின்னா பின்னாடி யாரோ வெட்டியிருக்க வாய்ப்பு அதிகம்.

எழுத்து கண்ணாடியில தெரியுற மாதிரி திரும்பி பள்ளமா பதிஞ்ச காசு ப்ரோக்கேஜ்னு நல்ல விலைக்கு போகும். முன்னாடி அடிச்ச காசு டைலயே ஒட்டிக்கிட்டு அதோட முகம் அடுத்த வட்டத்துல பதியுறது அது, அதனால ரெண்டு பக்கமும் ஒரே பக்கத்து டிசைன்தான் இருக்கும், ஒண்ணு மேடு ஒண்ணு பள்ளம். ரெண்டு காச வைஸ்ல (பட்டறையில இறுக்கிப் பிடிக்கிற கருவி) வச்சு நசுக்குனதுன்னா திரும்புன எழுத்துக்கு அடியில காசோட சொந்த டிசைன் நசுங்கி கிடக்குறது தெரியும். ரயில் தண்டவாளத்துல வச்ச காசு பெருசா மெல்லிசா ஆகி படமே இழுபட்டிருக்கும், அதுக்கு சோதனையே வேண்டாம். ரெண்டு பக்கமும் தலை உள்ள காசுன்னா ரெண்டு காச லேத்துல கடைஞ்சு ஒட்டுனதா இருக்கும், விளிம்புக்கு உள்பக்கம் ஓடுற கோட்ட தேடுங்க, தட்டினா சத்தம் மொக்கையா வரும். 10 ரூபாய் காசுல நடுவட்டத்த தட்டி எடுத்து திருப்பி வச்சு எரர்னு விக்கிறாங்க, சேர்ற கோட்டுல கீறலும் ஆட்டமும் இருக்கும். லட்சக்கணக்குல தர்றோம், ஆனா முதல்ல கமிஷன் கட்டுங்கன்னு ரிசர்வ் பேங்க் பேர சொல்லி கேக்குறவங்கள நம்பாதீங்கன்னு 2021ல ரிசர்வ் பேங்கே அறிவிப்பு விட்டுச்சு.

காந்தமும் ஒரு வார்த்தை. வெள்ளி ரூபாய் காந்தத்துல ஒட்டாது, ஒட்டுச்சுன்னா போலி, ஆனா 1947ல வந்த புலி போட்ட ரூபாய் நிக்கல், அது ஒட்டத்தான் செய்யும். 1940ல இருந்து வந்த ரூபாய்ல வெள்ளி பாதிதான், மிச்சம் செம்பு, நிக்கல், துத்தநாகம், அதனால அது மங்கலா கருத்துப் போனா முலாம் பூசின போலின்னு அவசரப்பட்டு முடிவு பண்ணாதீங்க. அதோட ஓரத்துல பல் கோட்டுக்கு நடுவுல ஒரு பள்ளம் சுத்தி ஓடும், கள்ளக்காசு அடிக்கிறவங்களுக்கு கஷ்டமாகட்டும்னு போட்டது, அது சரியா இருக்கான்னு பாருங்க.

கடைசியா, இப்ப இந்த நிமிஷம் உங்க வீட்டுல நடந்துட்டு இருக்குற சேதம் ஒண்ணு இருக்கலாம். விலை குறைஞ்ச மெத்து மெத்துன்னு இருக்குற பிளாஸ்டிக் ஆல்பத்துல காச வருஷக்கணக்கா வச்சிருந்தா அந்த பிளாஸ்டிக்ல இருக்குற பிவிசி மெல்ல சிதைஞ்சு காசு மேல பச்சையா பிசுபிசுன்னு ஒரு படலம் படியும், முக்கியமா செம்புலயும் செம்பு கலந்த காசுலயும், விட்டா அது மெட்டலயே அரிச்சிடும். ஆரம்பத்துல கண்டுபிடிச்சா சுத்தமான அசிட்டோன்ல ஊறவச்சு எடுத்தா போயிடும், தேய்க்கக் கூடாது, ஜன்னல திறந்து வச்சுக்கிட்டு அடுப்பு விளக்கு எதுவும் பக்கத்துல இல்லாம செய்ங்க, நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம், அதுல வேற சாமானும் கலந்திருக்கும். அப்புறம் மைலார் (பிவிசி இல்லாத பிளாஸ்டிக் தாள்) ஜன்னல் வச்ச அட்டை ஹோல்டர்ல போட்டு, காச எப்பவும் ஓரத்த மட்டும் பிடிச்சு எடுங்க.